தோலுக்குப் பின்னால் எழுதிய விலை

பழைய கார் விற்பவன் பேச்சை யாரும் முழுசாக நம்புவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், எனக்கே தெரியும். ஆகவே என் சாமர்த்தியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. சொல்லப்போவது என் அக்காவைப் பற்றி. அவள் ஒரு காரைக்கூட விற்றவள் இல்லை, கார் சீட் தைக்கிறவள். ஆனால் ஒரு காரை எப்போது வாங்கலாம், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்று அவளைப் போலச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

என் இடம் மெயின் ரோட்டில், டயர் கடைக்கு அடுத்தது. பதினொரு வண்டிகள் நிற்கும். பன்னிரண்டாவதை நிறுத்தினால் உள்ளே இருப்பதை எடுக்க நாலு வண்டியை நகர்த்த வேண்டும். பின்பக்கம் ஷட்டர் போட்ட ஓர் அறை அக்காவுடையது. ஒரு பெரிய தையல் மிஷின், வெட்டுகிற மேஜை, சுவரோரம் நிற்க வைத்த தோல் சுருள்கள், கூரை வரை அடுக்கிய ஸ்பாஞ்ச். பசை வாடை தலையைப் பிளக்கும் என்று ஷட்டரை முழுசாகத் திறந்தே வைத்திருப்பாள். அதனால் முன்னால் நான் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும். ஒரு வண்டியைப் பற்றி நான் ஒன்றுக்கு இரண்டாக அளந்துவிட்டால் உள்ளே மிஷின் சத்தம் நின்றுபோகும். அவ்வளவுதான், வேறெதுவும் சொல்லமாட்டாள். சத்தம் நின்றதும் என் வாய் தானாகத் திருந்திவிடும். எங்கள் பக்கத்தில் எனக்கு நேர்மையான ஆள் என்று ஒரு பெயர் உண்டு. அதில் பாதி அந்த மிஷினுக்குச் சேரவேண்டியது.

காரைப் பார்க்க அவள் பானெட்டைத் திறக்கமாட்டாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சீட்டின் ஓரத் திண்டை உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவாள். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு அந்தத் திண்டை உரசாமல் போக முடியாது. மீட்டரைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறது, திண்டைத் திருப்பி வைக்க ஆள் இல்லை என்பது அவள் கட்சி. ஒருமுறை ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓடியது, மீட்டரில் முப்பதாயிரம்தான் என்றார். அக்கா தடவிப் பார்த்துவிட்டு, இது வாடகைக்கு ஓடிய வண்டி என்றாள். மனுஷன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். டாஷ்போர்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். வாடகை மீட்டர் மாட்டிய திருகு ஓட்டைகள் இரண்டு இருந்தன.

தைத்து முடித்த சீட்டை மூடுமுன், தோலின் பின்பக்கம், அந்தச் சொரசொரப்பான பக்கத்தில், பென்சிலால் ஏதோ எழுதுவாள். என்னவென்று கேட்டால் "அளவு" என்பாள். தையல் விவகாரத்தில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். நாலைந்து வருஷம் கழித்து அதே கார் திரும்பி வந்தால், சீட்டைப் பிரித்த கையோடு, போன தடவை இது இவ்வளவு ஓடியிருந்தது, அன்றைக்கு இவ்வளவுதான் பெற்றது என்று புட்டுப் புட்டு வைப்பாள். என்ன ஞாபகசக்தி என்று நான் வாயைப் பிளப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறவளுக்கு இது மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. என் மூளை அவ்வளவுதான்.

ஸ்போர்ட்ஸ் கார் விலையில்தான் அவள் அசல் கெட்டிக்காரி. மற்ற கார்களின் விலை படி இறங்குகிற மாதிரி இறங்கும், இரண்டு சீட் வண்டியின் விலை மட்டும் தடால் தடாலென்று விழும் என்பாள். புது வண்டியை ஷோரூமிலிருந்து வெளியே எடுத்த அன்றே ஒரு விழுதல். அப்புறம் ஓட்டுகிறவன் வீட்டில் தொட்டில் வரும்போது ஒன்று. பின்சீட் இல்லாத வண்டியில் குழந்தையை எங்கே வைப்பது? அவசரமாக விற்பான், அவசரக்காரன் கையில் விலை நிற்காது. அடுத்தது கிளட்ச், பெல்ட் என்று முதல் பெரிய செலவு வாசலில் வந்து நிற்கும்போது. அந்தச் செலவுக்குப் பயந்து விற்கிறவனிடம் வாங்கக்கூடாது, செலவைச் செய்துவிட்டுக் கசந்துபோய் விற்கிறவனிடம் வாங்க வேண்டும். கூரை மடங்குகிற வண்டியென்றால் மழைக்காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். விலையும் குறைவாக இருக்கும், எங்கே ஒழுகுகிறது என்றும் தெரிந்துவிடும். இப்படி விழுந்து விழுந்து ஓரிடத்தில் விலை தரையைத் தொடும். பிறகு பாதி வண்டிகள் இடித்தும் துருப்பிடித்தும் ஒழிந்துபோய், ஊரில் மிச்சம் நாலைந்துதான் என்றானதும் ஏற ஆரம்பித்துவிடும்.

"தரையத் தொடுறப்ப எடுக்கணும்டா. தொட்டுச்சான்னு நாம யோசிக்கிறதுக்குள்ள ஏறிடும், அதான் கஷ்டம்" என்பாள்.

டயர் கடைக்காரர் முதற்கொண்டு, கார் வாங்க நினைக்கிற எல்லாரும் முதலில் அந்த ஷட்டருக்கு முன்னால் போய் நிற்பார்கள். பொறு என்றால் பொறுப்பார்கள், எடு என்றால் எடுப்பார்கள். ஒருவரும் வந்து குறை சொன்னதில்லை.

இவ்வளவு தெரிந்தவளுக்கு வெகுகாலம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், டவுன் பஸ் டிரைவர். வேலை முடிந்துவிட்டால் ஸ்டியரிங் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் பஸ்தான், ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். அக்கா ஓட்டக் கற்றது என் இடத்தில். காலையில் வண்டிகளை வெளியே எடுத்து வரிசையாக நிறுத்துவதும் சாயங்காலம் உள்ளே அடைப்பதும் அவள் வேலை. பத்து வருஷம் கார் ஓட்டியும் முதல் கியரையும் ரிவர்ஸையும் தாண்டாத ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

பச்சை என்று நாங்கள் கூப்பிடுகிற ஸ்போர்ட்ஸ் கார் எங்களிடம் முதலில் வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், ஏற்கெனவே விலை ஏறிக் கிடக்கிறது. கரும்பச்சை நிறம், மடங்குகிற துணிக் கூரை, பழுப்புத் தோலில் இரண்டே சீட். என் இடுப்பு உயரம்கூட இருக்காது. இரட்டைக் குழந்தை பிறந்த ஒருவர், தூங்கி எத்தனை நாளானதோ தெரியாத கண்களோடு வந்து சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா தடவிப் பார்த்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அதற்குள் உட்கார்ந்தாள். சீட்டில் கறை பட்டுவிடும் என்று டப்பாவைத் திறக்கவே இல்லை. அரைமணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்துவிட்டு, பசியோடு எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயசில் என் அக்காவுக்கு ஒரு ஆசை வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எடுத்துக்கொள் என்றேன். சீட்டில் ஒரு தையல் விட்டிருந்ததைச் சரிசெய்து மூடிக்கொடுத்துவிட்டு, இப்போது வேண்டாம், இன்னும் இரண்டு விழுதல் பாக்கி இருக்கிறது என்றாள். இரண்டே வாரத்தில் ஜிம் நடத்துகிற ஒருவர் அதை வாங்கிப் போனார். அக்கா அசரவில்லை. இந்த மாதிரி வண்டி ஒருத்தர் கையில் நிலைக்காது, சுற்றிக்கொண்டு இங்கேதான் வரும் என்றாள்.

சொன்னபடியே மூன்று வருஷத்தில் வந்தது. அந்த ஜிம்காரரின் உடம்புக்கு அந்தத் திண்டு தாங்குமா? ஓரம் கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே தெரிந்தது. கிளட்ச், பெல்ட் இரண்டும் மாற்றிய ரசீது கையில் வைத்திருந்தார், முகத்தில் அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. அக்கா இத்தனை வருஷம் சொன்ன லட்சணமெல்லாம் ஒரே வண்டியில் வந்து நின்றது. விலை முதல் தடவையில் பாதிக்கும் கீழே. வாங்கிப் போட்டுவிட்டு நேரே ஷட்டருக்குப் போனேன். நான் கொடுத்த விலைக்கே எடுத்துக்கொள், ஒரு பைசா லாபம் வேண்டாம் என்றேன்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அக்காவின் முழங்கால் அப்போதே தகராறு செய்ய ஆரம்பித்திருந்தது. தரையில் மண்டியிட்டுச் சீட் கழற்றிய கால். டாக்டர், இந்தக் காலோடு இன்னும் ஐந்தாறு வருஷம் சமாளிக்கலாம், அதன்பிறகு தாழ்வான இடத்தில் உட்கார்ந்து எழுவதையெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். பச்சையின் சீட்டோ கிட்டத்தட்டத் தரையிலேயே இருக்கிறது. விலை இறங்குவதும் முழங்கால் இறங்குவதும் ஒன்றோடொன்று போட்டி போட்ட மாதிரி இருந்தது. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை வண்டி வரும், அதில் ஏற அவளால் முடியாது.

அப்படியிருந்தும் அவள் விலையைக் கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "இன்னும் இறங்கும்டா. மழை வரட்டும்."

எனக்குக் குழப்பமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நாலு மாசமாக என் வியாபாரம் படுத்துக் கிடந்தது. இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிச் சுவர் வைத்து, தவணையில் கார் கொடுக்கிற பெரிய ஷோரூம் ஒன்று வந்திருந்தது. என்னிடம் வருகிறவர்கள்கூட அங்கே போய்க் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். கடையை மூடிவிட்டு அந்த ஷோரூமிலேயே விற்பனையாளாகச் சேர்ந்துவிடலாம் என்று போய்ப் பேசிவிட்டும் வந்துவிட்டேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்ததை அக்கா பார்த்தாள். யார் வீட்டு விசேஷம் என்று கேட்டாள். நண்பன் வீட்டில் என்றேன். ஓகோ என்றாள்.

பச்சையின் சீட்டைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னாள். கிழிந்து கிடந்தால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்றாள். யாரும் பார்க்காமல் இருந்தால்தான் மழைவரை நிற்கும், உனக்கு வரும், கிழிசல் அப்படியே இருக்கட்டுமே என்றேன். கிழிந்ததைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது என்று வாயை அடைத்துவிட்டாள். ஐந்து நாள் தைத்தாள். சீட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்திலிருந்து தோல் எடுத்து ஓரத்துக்குப் போட்டாள். நூலின் நிறம் ஒட்டவில்லையென்று டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் நூலை ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, பழைய தையலுக்கும் புதுத் தையலுக்கும் வித்தியாசம் தெரியாமல் செய்தாள். நானே எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்று தேடினேன்.

பத்தாம் நாள் ஒரு பல் டாக்டர் வந்தார். கதவைத் திறந்தார், சீட்டைப் பார்த்தார், அவ்வளவுதான், ஆசையில் விழுந்துவிட்டார். எனக்கு வாய் நமநமத்தது. நான் கொடுத்ததைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கைச் சொன்னேன். சொல்லிவிட்டு மிஷின் நிற்கப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக ஓடியது. டாக்டர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், சரி என்றேன், பச்சை போய்விட்டது.

அந்த லாபத்தில் மூன்று மாசம் மூச்சு விட்டேன். அதற்குள் ஷோரூமின் தவணை வட்டிக் கதை ஊருக்கு உறைத்து, ஆட்கள் ஒவ்வொருவராக என்னிடம் திரும்பினார்கள். வேலைக்குப் போகவில்லை. மழை வந்தபோது, பச்சை நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டே அக்கா, "கணக்கு தப்பிடுச்சுடா" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் நேரம் பார்த்துச் சொல்கிற மகராசி தன் வண்டியை மட்டும் கோட்டை விட்டாள் என்று ஆறு வருஷம் அவளை ஓட்டினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். டயர் கடைக்காரர், உன் அக்கா பேச்சையா கேட்பது என்று ஒருமுறை ஒரு காரை அவளிடம் கேட்காமலே வாங்கினார். அவளுக்கு அது சுருக்கென்றிருக்கும். சிரித்துக்கொண்டே, ஆமாம், தப்பிவிட்டது என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு காலையில், பல் டாக்டர் பச்சையோடு வந்தார். திண்டில் லேசாகத் தையல் விட்டிருந்தது. இதைச் சரிசெய்தால் விற்றுவிடலாம் என்றிருக்கிறேன், முதுகு ஒத்துழைக்கவில்லை, இப்போது இந்த வண்டிக்கு என்ன விலை தெரியுமா என்று சொல்லிச் சிரித்தார். தெரியும். ஊரில் இது ஒன்றும், ஓடாதது ஒன்றும்தான் மிச்சம். இரட்டைக் குழந்தைக்காரர் விற்ற விலையையும் தாண்டி ஏறியிருந்தது.

அக்கா அப்போது காலைவேளையில் முழங்கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் வருமுன் சீட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். தோலைச் சீட்டோடு இழுத்துப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களைக் குனிந்து அறுப்பது அவளுக்குச் சிரமம் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, நானே ஒவ்வொன்றாக அறுத்துத் தோலைப் புரட்டினேன்.

பின்பக்கம் அவள் கையெழுத்து. அளவு ஒன்றும் இல்லை. முதல் வரியில் அன்றைக்கு ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி, ஓடிய உண்மையான கிலோமீட்டர், ஒரு விலை, பக்கத்தில் "பொறு". அதற்குக் கீழே, மூன்று வருஷம் தள்ளி இன்னொரு தேதி, கிலோமீட்டர், ஒரு விலை. நான் அவளிடம் சொன்ன அதே விலை, ஒரு பைசா கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்குப் பக்கத்தில் "இப்ப". அடியில் இரண்டு கோடு.

எனக்கு முதலில் புரிந்தது அவள் ஞாபகசக்தியின் ரகசியம். அதன் பிறகுதான் மற்றது புரிந்தது. நிற்காமல் ஓடிய மிஷின் ஞாபகம் வந்தது. வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. அந்த வண்டி எனக்கு அன்றைக்கு எவ்வளவு தேவை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கவேண்டிய நேரம் அதுதான் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே இறங்கும் என்று பொய் சொல்லி, டீத் தண்ணீரில் நூலை ஊறவைத்து, தன் வண்டியை என் லாபத்துக்காகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். அது போதாதென்று ஆறு வருஷம் என் கேலியையும் வாங்கிக்கொண்டாள். கடை மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதேன். யாராவது கார் கேட்டு வந்திருந்தால் மானம் போயிருக்கும், நல்லவேளை யாரும் வரவில்லை.

அக்கா காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். புரட்டிய தோலையும் என் மூஞ்சியையும் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"அளவு."

"அக்கா."

"படிச்சுட்டியா? சரி விடு. வளையத்த எல்லாம் அறுத்து எங்கடா போட்ட, காலுல குத்தும்."

குனிந்து பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே, நீ ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் நீ வண்டியை என் தலையில் கட்டிவிட்டு அந்தக் கண்ணாடிக் கடைக்கு டை கட்டிக்கொண்டு போயிருப்பாய், உனக்கு டை நன்றாக இருக்காது என்றாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச விடவில்லை. மிஷினில் உட்கார்ந்து திண்டைத் தைக்க ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். பல் டாக்டரிடம் விலை கேட்டேன், அவர் சொன்னார், சரி என்றேன். பேரம் பேசாமல் நான் வாங்கிய ஒரே கார் அதுதான். டாக்டர் சந்தேகப்பட்டு, எதற்கும் ஒருநாள் யோசித்துச் சொல்கிறேன் என்று பின்வாங்கப் பார்த்தார். விடவில்லை.

சாவியைக் கொண்டுபோய் அக்காவின் மேஜையில் வைத்தேன். விலையைக் கேட்டாள். சொன்னேன். இரண்டு நாள் திட்டினாள். ஏறின விலையில் வாங்குகிறவனெல்லாம் கார் வியாபாரியா, ஊர் சிரிக்கும், என் பெயரும் கெடும் என்று மாமாவிடம் வரை போய்ப் புகார் சொன்னாள். மூன்றாம் நாள் ஒரு துணிப்பை நிறையப் பணம் கொண்டுவந்தாள். இரண்டாம் வரியில் எழுதியிருந்த விலை, அப்படியே. பச்சை முதலில் வந்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாக அதற்கென்றே ஒதுக்கிச் சேர்த்து வைத்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று தெரியும், வாங்கிக்கொண்டேன். மீதியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏறி இறங்குவதுதான் பாடு. டிரைவர் சீட்டுக்கு அடியில் நாலு விரற்கடை ஸ்பாஞ்ச் வைத்து உயர்த்திக்கொண்டாள். ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வாள். இறங்கத்தான் வேறு வழியில்லை, கூரையை மடித்துவிட்டு, முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். அதனால் மழை பெய்தால் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பாள், நின்றபிறகுதான் இறங்குவாள். மழை வரட்டும் என்று சொன்னவளுக்கு இந்தத் தண்டனை போதும் என்று கேலி செய்தேன். அந்தக் கேலிக்குச் சிரித்தாள், இது வேறு மாதிரிச் சிரிப்பு.

முதல் கியரைத் தாண்டினாள். எல்லாக் கியரையும் தாண்டினாள். மாமாவின் பணி முடிகிற நேரத்தில் பஸ் டெப்போ வாசலில் பச்சை நிற்கும். மற்ற டிரைவர்கள் வேடிக்கை பார்க்க, அவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து வளைந்து உள்ளே போவார். கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். மூடுவதில்லையாம். அக்கா கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே வருவாராம், நல்லா ஓட்டுற என்று ஒருநாள் சொன்னாராம். டயர் கடைக்காரரையும் ஒரு சுற்று கூட்டிப் போனாள், ஆஸ்பத்திரியில் கூடப் பயிற்சி செய்கிறவர்களை வீட்டில் விட்டாள், என் மனைவியை, என்னை, யார் பக்கத்தில் நின்றாலும் ஏறு என்றாள்.

இரண்டு சீட் வண்டிகளில் ஒரு விஷயம் உண்டு. டிரைவர் சீட் தேய்ந்து கிழிந்திருக்கும், பக்கத்துச் சீட் மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைப்போல் இருக்கும். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எல்லா வண்டியிலும் அப்படித்தான். பச்சையிலும் மூன்று பேர் கை மாறியும் பக்கத்துச் சீட்டின் திண்டில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. போன மாசம் அந்தத் திண்டில் தையல் விட்டது.

சீட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அந்தச் சீட் இதுவரை பிரிக்கப்படாதது, தோலின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அக்கா தைத்தாள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மூடுமுன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். எழுதப்போகிறாள் என்று பார்த்தால் என்னிடம் நீட்டினாள்.

"நீ எழுது. எனக்குக் குனிய முடியல."

அவள் நின்றுகொண்டுதான் எழுதுவாள், குனியவேண்டிய அவசியமே இல்லை. தேதியைப் போட்டேன். கிலோமீட்டரைப் போட்டேன். விலை எழுதுகிற இடத்தில் கை நின்றுவிட்டது. அங்கே "நன்றி அக்கா" என்று எழுதினேன்.

மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. தோலை இழுத்துப் போர்த்தி, கம்பி வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். பிறகு மாமாவுக்கு நேரமாகிவிட்டது, போய்க் கூட்டி வரலாம், நீ டெப்போ வரைக்கும் ஏறிக்கொள், திரும்பும்போது பஸ்ஸில் வந்துவிடு என்றாள்.